பதினொன்றாம் சிக்னல்

எண்பத்தெட்டாம் வருஷம் மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சுங்கை பட்டாணிக்கு வெளியே இருந்த கையுறைத் தொழிற்சாலையில் லைன் நின்றுபோனது. மின்சாரம் போகவில்லை. யாரும் சிவப்புப் பொத்தானை அமுக்கவில்லை. மேல்மாடிக் கம்ப்யூட்டர் அறையில் கேதரின் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் எழுதிய புரோகிராம் செத்துப்போனது. திரையில் ‘மெமரி ஃபால்ட்’ என்று ஒரே ஒரு வரி மிஞ்சியிருந்தது.

கீழே அடுப்புக்குள் மாட்டிக்கொண்ட கையுறைகள் கருகி, ரப்பர் நாற்றம் படியேறி வந்தது.

லைன் என்பது ஒரு நீளமான சங்கிலி. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பீங்கான் கைகள் விரலைக் கீழே நீட்டித் தொங்கியபடி நகர்ந்து போகும். ரப்பர் பால் தொட்டியில் முங்கி எழுந்து, அடுப்புக்குள் நுழைந்து வெளியே வரும். கடைசியில் வரிசையாக நிற்கும் பெண்கள் கையுறையை உரித்தெடுப்பார்கள். அந்த வருஷம் உலகம் முழுவதும் டாக்டர்களுக்குக் கையுறை போதவில்லை. லைன் இரவும் பகலும் ஓடியது.

அதை ஓட்டிய கம்ப்யூட்டர் புரோகிராமை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று விற்றிருந்தது. விற்ற கையோடு அந்தக் கம்பெனி மூடப்பட்டுவிட்டது. புரோகிராமை எழுதிய தாள்கள் யாரிடமும் இல்லை. அதில் ஒரு கோளாறு இருந்தது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை அடுப்புச் சூட்டுக்கான எண் தானாகவே தப்பாகிவிடும். அதைச் சரிசெய்யத்தான் கேதரினை வேலைக்கு எடுத்தார்கள்.

அவள் ஒரு டீபக்கர் எழுதினாள். பிழை பார்க்கும் புரோகிராம். லைனை ஓட்டும் புரோகிராமை அது தன் பிடியிலேயே வைத்திருக்கும். வேண்டும்போது நிறுத்தும், உள்ளே பார்க்கும், தப்பான எண்ணை மாற்றும், திரும்ப ஓடவிடும். அரை விநாடி வேலை. சங்கிலி ஒரு தரம் குலுங்கிவிட்டுத் தொடரும். ஆட்கள் லைனில் கை வைக்க வேண்டியிருந்தாலும் டீபக்கரை வைத்தே நிறுத்தினார்கள். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் மறுபடி ஓட்ட நாற்பது நிமிஷம் ஆகும். அதனால் உயிர் போகிற ஆபத்து என்றால் மட்டும் அதைத் தொடலாம் என்று மேனேஜர் ஆர்தர் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்.

இப்போது அந்த டீபக்கரே செத்துவிட்டது. அதன் பிடியில் இருந்த புரோகிராமும் கூடவே போய்விட்டது.

கேதரினுக்கு அப்போது இருபத்தாறு வயது. கோலா கெட்டிலிலிருந்து பாலிங் போகும் ரோட்டில் கித்தா என்று சொல்லும் ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அப்பா அந்தோணிதாஸ் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். தோட்டத்து மாதா கோயில் சாமியார் சிபாரிசில் பினாங்கு போய் மூன்று வருஷம் படித்தாள். அந்தத் தோட்டத்தில் ஏர்கண்டிஷன் அறையில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவள்தான். ஆனால் ஊரைவிட்டு அவள் போகவில்லை. தொழிற்சாலை பஸ் விடிகாலையில் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலுக்கே வந்தது. அதே பஸ்ஸில்தான் காளியம்மாவும் வருவாள்.

காளியம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். இரண்டு வீடு தள்ளி இருந்தாள். பதினெட்டு வருஷம் மரம் வெட்டிய கை. கித்தா விலை விழுந்து தோட்டத்தில் பாதி நாள் வேலை இல்லாமல் போனபோது தொழிற்சாலைக்கு வந்துவிட்டாள். அங்கே அவளுக்குக் கை மாற்றும் வேலை. பீங்கான் கை ஏதாவது வெடித்திருந்தால் லைனை நிறுத்தச் சொல்லி, சங்கிலிக்குள் கையைவிட்டு, பழையதைத் திருகி எடுத்து, புதியதைப் பூட்ட வேண்டும். ஆண்கள் ஐந்து நிமிஷம் எடுப்பார்கள். அவளுக்கு ஒன்றரை நிமிஷம் போதும்.

“ஏ கேத்தி, மேல உக்காந்து பொத்தான் அமுக்குற. உன் விரல் தேஞ்சு போவாதா?” என்று பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகக் கேட்பாள். “மாப்பிள்ள வந்து மோதிரம் போடணும்லா. பாத்து வச்சுக்க.”

கேதரின் சிரித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

செவ்வாய்க்கிழமை செத்த டீபக்கர் வியாழக்கிழமை மறுபடி செத்தது. அடுத்த வாரம் மூன்று முறை செத்தது. ஒரு புரோகிராம் தனக்குச் சொந்தமில்லாத மெமரியைத் தொட்டால் கம்ப்யூட்டர் அதற்கு ஒரு சிக்னல் அனுப்பும். பதினொன்றாம் எண் சிக்னல். அது வந்தால் புரோகிராம் அங்கேயே விழுந்துவிடும். முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தால் மட்டும், சாவதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்துகொள்ள அனுமதி உண்டு. கேதரின் அந்த அனுமதியை எடுத்துக்கொண்டாள். சிக்னல் வந்ததும் டீபக்கர் லைனை ஒழுங்காக நிறுத்தும். எந்த வரியில் விழுந்தது என்று எழுதிவைக்கும். செத்த நேரத்து மெமரியை அப்படியே ஒரு ஃபைலில் போட்டுவிட்டுப் போகும். அந்த ஃபைல்களை வைத்துக்கொண்டு அவள் தப்பைத் தேடினாள். ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்தாள். அதற்குப் பிறகும் அது விழுந்தது. வேறெங்கோ இன்னொரு ஓட்டை இருந்தது.

மார்ச் கடைசியில் ஆர்தர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். டவுன்காரர், ஐம்பதைத் தாண்டியவர், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பாட்டுக் குழுவை நடத்துபவர். அவளை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்ததும் அவர்தான்.

“உக்காரும்மா. இன்னைக்கும் நின்னுருச்சு.”

“ஆமா சார். ஆனா இப்ப ஒழுங்கா நிக்குது. லைன நிறுத்திட்டு, எங்க விழுந்துச்சுன்னு எழுதி வச்சுட்டுத்தான் சாவுது. இன்னும் ரெண்டு மூணு தரம் விழுந்தா நான் கண்டுபிடிச்சுருவேன்.”

“ரெண்டு மூணு தரமா?” ஆர்தர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “அந்த சிக்னல நீ புடிக்கிற இல்ல? புடிச்சப்புறம் ஏன் சாவ விடற? திரும்ப வேலைக்கு அனுப்பு.”

“முடியும் சார். ஆனா அது சாலா, தப்பு.”

“ஏன்?”

“பதினொன்னு வந்துச்சுன்னா அதோட மெமரி எங்கயோ கெட்டிருக்குன்னு அர்த்தம். எது கெட்டுச்சுன்னு அதுக்கே தெரியாது. லைன் ஓடுதா நிக்குதான்னு அது குறிச்சு வச்சிருக்கிறதே கெட்டிருக்கலாம். அதுக்கப்புறம் அது என்ன சொன்னாலும் நம்பக்கூடாது.”

“கெட்டிருக்கலாம்னு சொல்ற. கெட்டிருக்குன்னு சொல்லல.”

அவள் யோசித்தாள். “ஆமா சார். கெடாமயும் இருக்கலாம்.”

“ஆனா லைன் நிக்குதே, அது ‘இருக்கலாம்’ இல்லம்மா. அது கண்ணு முன்னால இருக்கு. கோலாலம்பூர்லேருந்து தினம் போன் பண்றாங்க. இந்த லைன மூடிட்டு ஈப்போவுக்குக் கொண்டு போயிரலாம்னு பேசறாங்க. நானூறு பேரு. உங்க தோட்டத்து ஆளுங்க மட்டும் எத்தன பேரு?”

“அறுபது பேரு இருப்பாங்க.”

“அப்ப அது சாவக்கூடாது. அவ்வளவுதான்.”

கேதரின் அதைச் செய்தாள். அவர் சொன்னதற்காக மட்டும் செய்யவில்லை. சிக்னல் வந்ததும் விழுந்த இடத்தை விட்டுவிட்டு ஒரே தாவலில் புரோகிராமின் ஆரம்பத்துக்குப் போகிற வழி ஒன்று இருந்தது. அதைப் புத்தகத்தில் படித்திருந்தாளே தவிரச் செய்து பார்த்ததில்லை. இரண்டே நாளில் முடித்துவிட்டாள். சிக்னல் வந்தது, திரை ஒரு தடவை கண் சிமிட்டியது, மெனு திரும்ப வந்து நின்றது. கீழே சங்கிலி ஓடிக்கொண்டே இருந்தது. அன்று அவள் மனதுக்குள் பெருமைப்பட்டதைப் பிற்பாடு அவளே சொன்னாள்.

கூட ஒரு வரியும் சேர்த்தாள். ஆரம்பத்துக்குத் தாவி வந்ததும், லைன் புரோகிராம் பிடியில் நின்றுகொண்டிருந்தால் அதை ஓடவிட்டுவிட வேண்டும். எண் பார்க்கும் அந்த அரை விநாடியில்தான் பெரும்பாலும் சிக்னல் வந்தது. விடாமல் போனால் லைன் நின்றபடியே இருந்துவிடும். ஆட்களுக்காக நிறுத்தியிருந்தால் மட்டும் விடக்கூடாது. அதற்கு மெமரியில் ஓர் இடத்தில் ஒன்று என்று குறித்துவைத்தாள். ஒன்று இருந்தால் விடாதே, பூஜ்யம் இருந்தால் விடு.

இனிமேல் சாவு இல்லை என்பதால், செத்த நேரத்து ஃபைலும் கிடையாது. இரண்டாவது ஓட்டையைத் தேடக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. விழுந்த வரியை எழுதிவைப்பதையாவது விட்டுவைக்கிறேன் என்றாள். தலைமை அலுவலகத்துக்குப் போகும் ரிப்போர்ட்டில் அதுவும் சேர்ந்து போகிறது, அதை எடுத்துவிடு என்றார் ஆர்தர். எடுத்துவிட்டாள். தனக்காக மட்டும் திரையின் மூலையில் ஒரு எண்ணை வைத்துக்கொண்டாள். எத்தனை சிக்னலைப் பிடித்திருக்கிறது என்று அது காட்டும்.

மே மாதம் அது இருபதைத் தாண்டியது. ஜூலையில் ஐம்பது.

“சார், ஐம்பது தரம் விழுந்திருக்கு.”

“லைன் நின்னுச்சா?”

“இல்ல.”

“பின்ன என்னம்மா?”

ஆகஸ்ட் பதினேழாம் தேதி, புதன்கிழமை மதியம், கோலாலம்பூரிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஆர்தர் அவர்களைக் கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்து வந்து கேதரினின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கவைத்து விளக்கிக்கொண்டிருந்தார். மூன்று மணியைத் தாண்டி ஐந்தாறு நிமிஷம் இருக்கும், மேஜைமேல் இருந்த டெலிபோன் அடித்தது. கீழேயிருந்து காளியம்மா.

“கேத்தி, நிப்பாட்டு. அடுப்பு வாசல்ல ஒன்னு வெடிச்சு நிக்குது.”

“நிப்பாட்டுறேன்க்கா. ரிசீவர வைக்காத. முடிஞ்சதும் சொல்லு.”

அவள் கட்டளையைத் தட்டினாள். லைன் நின்றது. மேலே அவள் திரையிலும் கீழே லைன் பக்கம் இருந்த திரையிலும் ‘பெர்ஹெந்தி’ என்று பெரிய எழுத்து விழுந்தது. நின்றிருக்கிறது என்பதற்கான மலாய்ச் சொல். படிக்கத் தெரியாத காளியம்மாவுக்கும் அந்த எழுத்தின் உருவம் நன்றாகத் தெரியும். அது தெரிந்தால்தான் கை வைப்பாள்.

“இவங்களுக்கு அடுப்புச் சூடு எவ்வளவுன்னு காட்டும்மா,” என்றார் ஆர்தர்.

“அக்கா கை மாத்திக்கிட்டு இருக்காங்க சார். லைன் நிக்குது.”

“நின்னா என்ன? பாக்கலாம்தானே?”

பார்க்கலாம்தான். லைன் நிற்கும்போது எண்ணைப் பார்ப்பது எப்போதும் செய்கிற வேலை. அவள் தட்டினாள். திரை ஒரு தடவை கண் சிமிட்டியது. மூலையில் அறுபத்தொன்று அறுபத்திரண்டானது. மெனு வந்தது. மேலே ‘பெர்ஹெந்தி’ அப்படியே இருந்தது.

“பாத்தீங்களா, அஞ்சு மாசமா ஒரு தரம்கூட...” என்று ஆர்தர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

மேஜைமேல் கிடந்த ரிசீவரிலிருந்து சத்தம் வந்தது. முதலில் அது காளியம்மாவின் குரல் என்றே கேதரினுக்குப் புரியவில்லை.

அவள் படியிறங்கி ஓடியபோது கையுறை உரிக்கும் வரிசையில் இருந்த மருதம்மாள் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டிருந்தாள். சங்கிலிக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் காளியம்மாவின் வலது கை மணிக்கட்டுவரை போயிருந்தது. ஃபிட்டர் பரஞ்சோதி வந்து சக்கரத்தைக் கழற்ற இருபது நிமிஷம் பிடித்தது. அந்த இருபது நிமிஷமும் காளியம்மாவைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றது கேதரின்தான். காளியம்மா கத்துவதை நிறுத்திவிட்டாள். பக்கத்துத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நின்னுச்சு இல்ல கேத்தி? போட்டிருக்கு பாரு. நின்னுச்சு இல்ல?”

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை கேதரின் வந்தபோது கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டிருந்தார்கள். லைனை ஓட்ட வேண்டுமே என்று ஆர்தர் சொல்லித்தான் செய்தார்களாம். மூலையில் இருந்த எண் பூஜ்யத்தில் இருந்தது. நேற்றைய மெமரியில் இருந்த எல்லாமே போயிருந்தது. ஒரு நாள் முழுக்கத் தன் புரோகிராமைத் தாளில் வைத்து வரி வரியாகப் படித்து, நடந்தது என்ன என்று அவள் கண்டுபிடித்தாள். சிக்னல் வந்த நேரத்தில் கெட்டுப்போன மெமரி, ஆட்களுக்காக நிறுத்தியது என்று ஒன்று போட்டுவைத்த இடம்தான். அது பூஜ்யமாகிவிட்டது. தாவி வந்த டீபக்கர் பூஜ்யத்தைப் பார்த்து லைனை ஓடவிட்டுவிட்டது. அவள் எழுதிய வரி சொன்னபடியேதான் செய்தது. திரை எழுத்தை மாற்றும் வேலையும் ரிப்போர்ட்டில் எழுதும் வேலையும் அந்த வழியில் இல்லை. அதனால் ‘பெர்ஹெந்தி’ அழியவில்லை. ரிப்போர்ட்டிலும் லைன் நின்றதாகவே இருந்தது.

தாள்களை எடுத்துக்கொண்டு ஆர்தரிடம் போனாள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். கண் வீங்கியிருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இதை நிரூபிக்க முடியுமா?” என்றார்.

“அந்த நேரத்து ஃபைல் இருந்தா முடியும். நாமதான் ஃபைலே போடாம பண்ணிட்டோம்.”

“நாம இல்லம்மா. நீ.” கோபமில்லாமல் சொன்னார். “நான் லைன் நிக்கக்கூடாதுன்னு சொன்னேன். எப்படின்னு எனக்கு என்ன தெரியும்? எழுதினது நீ. யோசிச்சுப் பேசு. நீ சொன்னா உன் பேரும் போவும், அந்தம்மாவுக்கும் நஷ்டஈடு ஒன்னும் வராது.”

விசாரணை செப்டம்பரில் தொழிற்சாலை சாப்பாட்டு ஹாலில் நடந்தது. அரசாங்கத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கேதரின் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள், போய் நடந்ததைச் சொன்னாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டார், நடுவில் நிறுத்தி எழுதிக்கொண்டார். ஆனால் அவர் முன்னால் கம்ப்யூட்டர் ரிப்போர்ட் இருந்தது. மூன்று மணி ஏழு நிமிஷத்துக்கு லைன் நின்றது, அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் ஓட்டவில்லை என்று அது சொன்னது. பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கைப்பிடி இருந்தது. லைன் நிற்கும்போது சங்கிலியைக் கொஞ்சம் நகர்த்த வேண்டுமென்றால் அதை அழுத்துவார்கள். காளியம்மாவின் முழங்கை அதில் பட்டிருக்கும் என்று கம்பெனி சொன்னது.

“நீங்க சொல்றபடி பாத்தா இந்த ரிப்போர்ட் பொய்யா?” என்று அதிகாரி கேட்டார்.

“ஆமா சார்.”

“அத எழுதினது உங்க புரோகிராம்?”

“ஆமா.”

“அப்ப உங்க புரோகிராம் சொல்றத நம்பாதீங்க, நீங்க சொல்றத நம்புங்கன்னு சொல்றீங்க.”

அவர் கேலி செய்யவில்லை. புரிந்துகொள்ளத்தான் பார்த்தார். பினாங்கிலிருந்து ஒரு நிபுணரையும் வரவழைத்தார். அவர் கேதரினின் தாள்களை ஒரு மணி நேரம் படித்தார். ஒன்று என்று குறித்திருந்தால் இந்தப் புரோகிராம் லைனை விடாது என்றார். அந்த ஒன்று அழிந்துவிட்டது என்றாள் கேதரின். அழிந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். செய்து காட்டுகிறேன் என்றாள். இரண்டு நாள் கொடுத்தார்கள். இரண்டு நாளும் அதே கட்டளைகளை, அதே வரிசையில் நூற்றுக்கணக்கான தடவை தட்டினாள். சிக்னல் ஏழு முறை வந்தது. ஏழு முறையும் கெட்டது வேறு ஏதோ ஓர் இடம். அந்த ஒன்று அப்படியே இருந்தது. லைன் நின்றபடியே நின்றது.

“பாவம், ரெண்டு பேரும் ஒரே தோட்டம்,” என்று ஆர்தர் அதிகாரியிடம் மெதுவாகச் சொன்னது அவள் காதில் விழுந்தது. “அந்தம்மாவுக்காகப் பழிய தன்மேல போட்டுக்கப் பாக்குது.”

மாதக் கடைசியில் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். விசாரணையில் சொன்னதற்காக இல்லை, ஆட்குறைப்பு என்று கடிதத்தில் இருந்தது.

காளியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாள் கழித்துத்தான் கேதரின் அந்த வீட்டுக்குப் போனாள். இரண்டு வீடு தள்ளிப் போக அவளுக்குப் பத்து நாள் ஆனது. காளியம்மாவின் புருஷன் இருளப்பன் வாசலில் உட்கார்ந்திருந்தான். நகர்ந்து வழிவிட்டான். உள்ளே காளியம்மா இடது கையால் வெங்காயம் உரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெங்காயம் உருண்டு உருண்டு போனது. கேதரின் எடுத்து உரிக்கப் போனாள்.

“வை,” என்றாள் காளியம்மா. “பழகணும்.”

கேதரின் வெங்காயத்தைத் திரும்ப வைத்தாள்.

“அக்கா, நான் விசாரணைல சொன்னேன்.”

“சொன்னியாம். மருதம்மா வந்து சொல்லிச்சு.” வெங்காயத்தை முழங்காலால் அமுக்கிப் பிடித்தாள். “நீ எதுக்குச் சொன்ன? நான்தான் தட்டிட்டேன்.”

“இல்லக்கா. நீ தட்டல.”

“தட்டியிருப்பேன். முழங்கை பட்டிருக்கும். மேனேஜரு ஆஸ்பத்திரிக்கு நாலு தரம் வந்தாரு. எப்படி நின்ன, எப்படிக் குனிஞ்சேன்னு கேட்டாரு. நான் யோசிச்சுப் பாத்தேன். முழங்கை அந்தப் பக்கம்தான் இருந்துச்சு. இப்ப நெனச்சா இரும்பு பட்டது ஞாபகத்துக்கு வருது. சில்லுனு இருந்துச்சு.”

“அக்கா...”

“கடுதாசில ரேகை வச்சுட்டேன். இந்தக் கை ரேகை.” இடது பெருவிரலைக் காட்டினாள். “என் கவனக்கொறவுன்னு எழுதியிருந்துச்சாம். வீட்டுக்காரரு படிச்சுச் சொன்னாரு.”

கேதரின் தரையில் உட்கார்ந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். சிக்னல் என்றால் என்ன, அது வந்தால் புரோகிராம் ஏன் சாக வேண்டும், அதைச் சாகவிடாமல் தான் என்ன செய்தாள் என்று, சோறு குழம்பு மாதிரி சாதாரணச் சொற்களில் சொன்னாள். அதிகாரிக்கும் நிபுணருக்கும் புரியவைக்க முடியாததைக் காளியம்மா ஒரே தடவையில் புரிந்துகொண்டாள். உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

“அது செத்திருந்தா லைன் நின்னிருக்குமா?”

“நின்னிருக்கும்க்கா. மொதல்ல அப்படித்தான் எழுதியிருந்தேன்.”

“சாவ விடக்கூடாதுன்னு யாரு சொன்னது?”

“சார் சொன்னாரு. நான் செஞ்சேன்.”

“தப்புன்னு உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுக்கிட்டே தினம் என் பக்கத்துல உக்காந்து பஸ்ல வந்த. நான் தினம் அதுல கைய விட்டேன். ஒரு வார்த்த சொல்லல.”

அத்தனை மாதத்தில் கேதரின் ஆர்தரிடம் சொன்னாள், தனக்குள் சொல்லிக்கொண்டாள். சங்கிலிக்குள் கைவிடுகிறவளிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

“நான்தான் தட்டினேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அது கொஞ்சம் பரவால்லாம இருந்துச்சு,” என்றாள் காளியம்மா. “எந்திரி. போ. இனிமே வராத.”

கேதரின் எழுந்தாள். வாசலில் இருளப்பன் இந்த முறை நகரவில்லை. அவனைச் சுற்றிக்கொண்டுதான் இறங்க வேண்டியிருந்தது.

அந்த வருஷக் கடைசியில் காளியம்மாவின் குடும்பம் லயத்தைக் காலி செய்துவிட்டுக் கோலா கெடாவில் இருந்த அவள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டது. அங்கே மீன் காயவைக்கும் இடத்தில் வேலை செய்கிறாள் என்று சொன்னார்கள். ஒரு கையால் என்ன வேலை செய்வாள் என்று யாருக்கும் தெரியவில்லை. கேதரின் ஒரு முறை கோலா கெடாவுக்குப் பஸ் ஏறினாள். அலோர் ஸ்டார் பஸ் நிலையத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குப் போகாமல், இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

கூலிமில் ஒரு டைப்ரைட்டிங் பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்தது. கம்ப்யூட்டரை அவள் மறுபடி தொடவில்லை. அடுத்த வருஷம் ஒரு நாள் சந்தையில் தொழிற்சாலை டெலிபோன் ஆப்பரேட்டர் நவமணியைப் பார்த்தாள். நவமணிக்கு ஒரு சங்கதியையும் மூடிவைக்கத் தெரியாது.

“உன் புரோகிராம்தான் இன்னும் ஓடுது, தெரியுமா? புதுசா ஒரு பையன் வந்திருக்கான், ஒன்னும் மாத்தல. நல்லா ஓடுதாம். ரெண்டாவது லைன் போடறாங்கள்ல, அதுக்கும் அதையே காப்பி எடுக்கறாங்க.”

“அந்த சிக்னல் புடிக்கிறது? அத எடுத்துட்டாங்களா?”

“அதெல்லாம் எனக்கு எங்கடி தெரியும்? ஒரு தரம்கூட நிக்கலன்னு மட்டும் மேனேஜரு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காரு.”

அன்றே கேதரின் ஆர்தருக்குக் கடிதம் எழுதினாள். எந்தப் பக்கம், எந்த வரி, எதை நீக்க வேண்டும், நீக்கிய இடத்தில் எதை எழுத வேண்டும் என்று விவரமாக எழுதினாள். மொத்தம் பதினான்கு வரிதான். புதிதாக வந்தவர் அரை மணி நேரத்தில் செய்துவிடலாம், வேண்டுமானால் நானே வந்து செய்து தருகிறேன், என் பெயர் எதிலும் வர வேண்டாம் என்றும் எழுதினாள். பதில் வரவில்லை. ஒரு மாதம் கழித்து அதையே மறுபடி எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். புதிதாக வந்தவருக்கு ஒன்று தனியாக அனுப்பினாள். அவர் பெயர் தெரியாததால் கம்ப்யூட்டர் அறை என்று மட்டும் போட்டாள்.

டிசம்பர் இருபதாம் தேதி ஆர்தரிடமிருந்து ஒரு உறை வந்தது. பள்ளி வாசலில் நின்றபடியே பிரித்தாள். கிறிஸ்துமஸ் கார்டு. உள்ளே அச்சடித்த வாழ்த்துக்குக் கீழே அவரும் மனைவியும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வேறு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. உறைக்குள் இன்னொரு தாள் இருக்கிறதா என்று விரலைவிட்டுப் பார்த்தாள். இல்லை.

இரண்டாவது லைன் ஜனவரியில் ஓட ஆரம்பித்தது. அதில் கை மாற்றும் வேலைக்கு மருதம்மாளைப் போட்டிருப்பதாக நவமணி சொன்னாள்.